தானாக அணைகிற கணினி

வீட்டில் கணினி நின்றுபோனால் முதலில் கெட்டுப்போவது கணினியின் பெயர் இல்லை, கடைசியாக அதைத் தொட்டவளின் பெயர்தான். அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர், அக்காவும் தங்கையும். தங்கை, அதாவது சின்னவள், ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவள். நானூறு கணினிகளுக்கு அவள்தான் வைத்தியச்சி. அக்கா, அதாவது பெரியவள், சமைத்து, துவைத்து, மடித்து, வாசல் கதவின் கீல் முனகினால் எண்ணெய் விட்டு வீட்டைக் கட்டிக் காப்பவள். ஆக, குற்றவாளி யார் என்பதில் ஒருநாளும் வழக்கே வந்ததில்லை. "என்னத்தக்கா அமுக்கின?" என்று சின்னவள் கேட்பாள். எதையோ அமுக்கித்தான் தொலைத்திருப்போம் என்று பெரியவளும் நம்பிவிடுவாள்.

பெரியவள் ஒன்றும் மக்கு இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் பழுதுப் பதிவேடு எழுதியவள் அவள். எந்த லைன், எத்தனை மணிக்குச் செத்தது, யார் போய்ப் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு உயிர் வந்தது என்று எல்லாவற்றையும் கோடு போட்ட தாளில் குண்டு குண்டான எழுத்தில் எழுதி வைப்பாள். அவள் பதிவேட்டைப் பார்த்து, மழை வரும் முன்பே எந்தத் தெருவில் லைன் போகும் என்று லைன்மேன்கள் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட நிலையத்தை ஒருநாள் இழுத்து மூடினார்கள். நாற்பத்தொரு வயதில் வீட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது பெரியவளுக்கு இருபது, சின்னவளுக்குப் பதினொன்று. அன்றைக்கு இடுப்பில் சொருகிய முந்தானையை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வந்த வரன்களைத் தட்டிக் கழித்தாள். சின்னவளைப் படிக்க வைத்தாள். காய்ச்சல் வந்தால் கூடவே கிடந்தாள். இதையெல்லாம் தியாகம் கியாகம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பிள்ளை வளர்ப்பதற்கு இவ்வளவு பெரிய வார்த்தை எதற்கு என்பாள்.

போன வருடக் கடைசியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. அரை நாள் ரயில் தூரத்தில் உள்ள ஓர் ஊரில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு ஆள் எடுக்கிறார்கள். அழைப்பு வந்ததும் நேரம், இடம், நிலைமை மூன்றையும் பிசகாமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். பெரியவளுக்கு நாற்பத்தைந்து பிறக்க ஐந்து மாதம்தான் பாக்கி. அது போனால் இந்த ஜென்மத்தில் இல்லை. படித்த மாத்திரத்தில் பேப்பரிலிருந்து அதைக் கத்தரித்து எடுத்து வைத்தாள். தன் வேலையை யாரோ ஒளித்து வைத்திருந்து இப்போதுதான் எடுத்துக் கொடுத்ததுபோல இருந்தது.

தங்கையிடம் தயங்கித் தயங்கித்தான் காட்டினாள். சின்னவளோ கட்டிப்பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் எனக்காக வாழ்ந்தது போதும், இனியாவது உனக்காக வாழக்கூடாதா என்று கேட்டாள். விண்ணப்பத்தை அவளே கணினியில் நிரப்பிக் கொடுத்தாள். அன்று முழுக்கப் பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

தேர்வு வீட்டிலிருந்தே கணினியில் எழுத வேண்டியது. சனிக்கிழமை பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணி நேரம். மூன்று வாய்ப்பு உண்டு. நடுவில் தொடர்பு அறுந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்த வாய்ப்பு போனதுதான். மூன்றும் போனால் கதவு சாத்தியாகிவிடும், திறக்காது.

முதல் சனிக்கிழமை. சின்னவள் வேலைக்குப் போயிருந்தாள். கேள்விகள் பெரியவளுக்குச் சோறு தின்கிற மாதிரி இருந்தன. சரியாகப் பத்தரைக்குத் திரை கறுத்தது. பெட்டியின் விசிறிச் சத்தமும் நின்றது. மின்சாரம் போகவில்லை, தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யூ.பி.எஸ். பெட்டியிலும் பச்சை விளக்கு அப்படியே இருந்தது. பொத்தானை அமுக்கினாள். அந்தக் கிழட்டுக் கணினி எழுந்து, சோம்பல் முறித்து, முகம் காட்ட ஏழு நிமிடம் ஆனது. வாய்ப்பு காலாவதியாகிவிட்டது என்று ஒரு வரி மட்டும் வந்தது.

சாயங்காலம் சின்னவள் வந்து கேட்டதும் முதலில் சிரித்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்று கேலி செய்தாள். பிறகு பெரியவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, சும்மா சொன்னேன் என்று தோளைப் பிடித்துவிட்டாள். சூடேறி நின்றிருக்கும், தூசி அடைத்திருக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஞாயிறு அரை மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்தாள். எல்லாம் சரி என்று எழுந்தாள்.

ஆனால் பழுதை அடுத்தவளிடம் விட்டுவிட்டுத் தூங்கிப் பழகாதவள் பெரியவள். புது நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டாள். பக்கத்து நூலகத்தில் ஒரு கையேடு கிடைத்தது. அதைப் பக்கம் பக்கமாகப் படித்தாள். பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷால் தூசி தட்டினாள். மெமரி அட்டையைக் கழற்றி, அதன் பித்தளைப் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாள். ஹார்ட் டிஸ்க் சோதனையை ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்தாள். அப்டேட்டுகளைத் தேர்வு நாளில் தலை காட்டாதபடி தள்ளி வைத்தாள். கணினி எழும்போதே கூடவே எழுந்து கூட்டம் போடும் நிரல்கள் முப்பத்தொன்று இருந்தன. வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி ஒன்பதாகக் குறைத்தாள். ஒவ்வொரு முறையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள். ஏழு நிமிடம் ஐந்தானது, ஐந்து மூன்றரையானது, கடைசியில் இரண்டு நிமிடம் நாற்பது நொடியில் வந்து நின்றது. இனி விழுந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் எழுந்துவிடும்.

இரண்டாம் தேர்வுக்கு முந்தின நாள், சின்னவள் செருப்பைக் கழற்றும்போதே ஓடிப்போய் அந்தக் கணக்கைச் சொன்னாள். ரேங்க் கார்டு கொண்டுவந்த பிள்ளை மாதிரி நின்றாள். சின்னவள் செருப்பை ஓரமாக அடுக்கி வைத்தாள். பிறகு, பரவாயில்லையே, ஆஸ்பத்திரியில் என் நாற்காலியை நீ பிடித்துவிடுவாய் போலிருக்கிறதே என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

மறுநாள் பத்தரைக்கு மறுபடியும் திரை கறுத்தது. பெரியவள் பதறவில்லை. பொத்தானை அமுக்கினாள், இரண்டு நாற்பதில் கணினி எழுந்தது, தேர்வுக்குள் நுழைந்தாள். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் போட்டாள். பத்து முப்பத்தைந்துக்கு மறுபடி கறுத்தது. மறுபடி எழுப்பினாள். பத்து நாற்பதுக்கு மறுபடியும். தூக்கத் தூக்க விழுகிற குடிகாரன் மாதிரி அது விழுந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு நேரம் முடிந்தபோது பாதிக் கேள்விகூட முடியவில்லை, இரண்டாவது வாய்ப்பும் போயிற்று.

அன்றைக்குப் பெரியவள் வாய்விட்டு அழுதாள். சின்னவளும் கூட உட்கார்ந்து அழுதாள். உனக்கு இது கொடுத்து வைக்கவில்லை, விட்டுவிடு அக்கா, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்றாள். பெரியவள் விடவில்லை. கடைசி வாய்ப்புக்கும் தேதி கேட்டு எழுதினாள். திங்கட்கிழமை தேதி வந்தது, அந்த வாரச் சனிக்கிழமையே. சின்னவள் சரி என்று தலையாட்டினாள். அன்று நான் லீவு போட்டுவிட்டு உன் பக்கத்திலேயே இருக்கிறேன், எப்படி நிற்கிறது பார்த்துவிடலாம் என்று தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பாசத்தில் பெரியவளுக்குக் கண் கலங்கியது. என்னவென்று சொல்ல.

செவ்வாய்க்கிழமை பெரியவள் பெட்டியைத் துணியில் சுற்றி, வாடகை வண்டியில் ஏற்றிப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரருக்கு அந்தத் தெருவில் திருகாணி என்று பெயர். நரைத்த மீசை, சட்டைப் பையில் எப்போதும் நாலு திருகாணி. இரண்டு நாள் இரவு பகலாக ஓடவிட்டுப் பார்த்தார். ஒருமுறைகூட நிற்கவில்லை. வியாழன் காலையில் அவள் நோட்டை வாங்கிப் படித்தார். தேர்வு நாள் இரண்டையும் எழுதிய பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பழுதுக்கு நாள் பார்க்கத் தெரியாதும்மா" என்றார். "இது சனிக்கிழம பத்தரைக்குன்னு நாள் பார்த்து நிக்குது."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் நோட்டை மூடிக் கையில் கொடுத்தார். நீங்கள் பதிவேடு எழுதுவது மாதிரி கணினியும் தனக்குள் ஒரு பதிவேடு எழுதும், எப்போது நின்றேன், எதனால் நின்றேன் என்று எல்லாம் அதில் இருக்கும் என்று சொல்லி, எங்கே போய்த் திறப்பது என்று ஒரு சீட்டில் எழுதித் தந்தார். நீங்களே பாருங்களேன் என்று கேட்டதற்கு, அது உங்கள் வீட்டு விஷயம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டார். மனிதர் ஊகித்துவிட்டார் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. இருபத்தோரு வருடம் பதிவேடு எழுதியவளுக்கு இதற்கும் ஒரு பதிவேடு உண்டென்று தெரியாமல் போயிற்றே என்று வெட்கப்பட்டுக்கொண்டே வீடு வந்தாள்.

மத்தியானம் சாப்பிடாமல்கூட உட்கார்ந்தாள். ஆயிரக்கணக்கான வரிகள். தேதியைப் பிடித்து, மணியைப் பிடித்து, இறங்கிக்கொண்டே போனாள். முதல் சனிக்கிழமை பத்து முப்பது. அங்கே பழுது என்று எழுதியிருக்கவில்லை. சூடு என்றும் இல்லை. கணினியை உடனே அணைக்கச் சொல்லிக் கட்டளை வந்தது, அணைந்தேன் என்றுதான் இருந்தது. யார் பெயரில் கட்டளை வந்தது என்ற இடத்தில் சின்னவளின் பயனர் பெயர்.

கணினி பொய் சொல்கிறது என்றுதான் பெரியவள் முதலில் நினைத்தாள். அந்த நேரத்தில் சின்னவள் ஆஸ்பத்திரியில் அல்லவா இருந்தாள்? பாவி இயந்திரம், இல்லாதவள் மேல் பழி போடுகிறதே என்று திட்டக்கூடச் செய்தாள். பிறகு கையேட்டின் பின்பகுதியில் படித்தது ஞாபகம் வந்தது. இன்ன நாள், இன்ன மணிக்கு, இன்ன வேலையைச் செய் என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். சொன்னவர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

அதைப் பார்க்கக் கணினியில் சின்னவளின் பெயரில் உள்ள பக்கத்துக்குள் போக வேண்டும். பாஸ்வேர்ட் பெரியவளுக்குத் தெரியும். ஆபீசிலிருந்து போன் போட்டு, என் பக்கத்தைத் திறந்து அந்தத் தாளைப் பிரிண்ட் போட்டு வை அக்கா என்று சின்னவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அந்தத் தாளைத் தவிர ஓர் எழுத்தைப் பெரியவள் அங்கே பார்த்ததில்லை. வயதுவந்த பெண்ணின் அலமாரியை நாம் திறக்கக்கூடாது என்று இருப்பவள். அன்றைக்கும் விரல் தயங்கியது. சாமி, அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் திறந்தாள்.

இருந்தது. பிரிண்டர் அப்டேட் என்று பெயர் வைத்து மூன்று கட்டளைகள். முதலாவது, முதல் தேர்வு நாள், பத்தரைக்கு அணை. இரண்டாவதும் அப்படித்தான், ஆனால் முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அதைத் திருத்தியிருந்தார்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி மறுபடி அணை என்று. ஏழு மணி. அவள் இரண்டு நிமிடம் நாற்பது நொடி என்று வாசலில் நின்று சந்தோஷமாகச் சொன்னதற்கு அரை மணி நேரம் கழித்து. மூன்றாவது, வரப்போகிற சனிக்கிழமைக்கு. எழுதி வைத்த தேதி திங்கட்கிழமை, அந்தத் தேநீர் கொடுத்த அதே சாயங்காலம்.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பெரியவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். எதிரி செய்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பாள். கூட உட்கார்ந்து அழுதாளே, அந்த அழுகையைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். இவள் கழுத்தையும் அறுத்துவிட்டு மருந்தும் தடவினாள். கூடம் கோணல் என்று கேலி வேறு.

ஏன் செய்தாள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். சின்னவள் ஒருநாளும் ஒரு வீட்டில் தனியாகப் படுத்ததில்லை. அடுப்பு பற்றவைக்கத் தெரியும், அவ்வளவுதான். பயம் ஒரு பங்கு, சொகுசு மூன்று பங்கு. பெரியவளுக்கும் அது புரிந்தது. புரிந்ததனால் வலி குறைந்துவிடவில்லை.

அந்தக் கட்டளையை அவள் உடனே அழிக்கவில்லை. இங்கேதான் என்னைப் போன்றவர்கள் அவளைத் திட்டுவோம். அவளோ, இன்னும் ஒரு நாள் இருக்கிறது, வைத்தவளே எடுத்துவிடட்டும் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு நின்னுடுமாடி?"

"நிக்காதுக்கா. நானே எல்லாம் செக் பண்ணிட்டேன்" என்றாள் சின்னவள். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"என்ன இருக்கப் போகுது? நின்னா என்னைக் கேளு."

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பார்த்தாள், கட்டளை அப்படியே இருந்தது. சின்னவள் குளிக்கப் போன ஒன்பது மணிக்கும் பார்த்தாள், இருந்தது. அதற்கு மேல் காத்திருக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. அழித்தாள். நோட்டில் எழுதவில்லை.

பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. சின்னவள் கூடத்தில் இருந்தாள். பத்தரையும் வந்தது. திரை வெளிச்சமாகவே இருந்தது. பெரியவள் கேள்விகளைப் படித்துப் பதில் போட்டுக்கொண்டே போனாள். பத்து முப்பத்து மூன்றுக்கு முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது.

"இன்னும் ஓடுதா?" என்றாள் சின்னவள்.

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும்.

"ஓடுது" என்றாள் பெரியவள். திரும்பவில்லை.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. இன்டர்நெட் பெட்டி கூடத்து அலமாரியில்தான் இருந்தது, கை நீட்டினால் ஒயர் எட்டும். பெரியவள் ஒரு காதைக் கூடத்திலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்துக்கொண்டு எழுதினாள். நாற்காலி நகரும் சத்தம் ஒருமுறை கேட்டது. அவள் கை நின்றது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. எட்ட இருந்து அறுப்பது சுலபம், பக்கத்தில் நின்று அறுக்கச் சின்னவளுக்குத் தைரியம் போதவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தேர்வு முடிந்தது. முடிவு அப்போதே திரையில் வந்தது. தேர்ச்சி, அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி நேரில் வந்து சேரவும். பெரியவள் இரண்டு தடவை படித்தாள். சந்தோஷம் வரும் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தாள். வரவில்லை.

கூடத்தில் சின்னவள் நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. எப்போது பார்த்தாய் என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றாள் பெரியவள். அப்படியானால் நேற்று தெரிந்துகொண்டேதான் கேட்டாயா என்றாள் சின்னவள். ஆமாம் என்றாள். அதற்குப் பிறகு சின்னவளுக்கு அடக்க முடியவில்லை. நீ போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், இந்த வீட்டுக்குள் சாயங்காலம் தனியாக எப்படி நுழைவேன், போகாதே என்று சொன்னால் சுயநலக்காரி என்று நினைப்பாயே, அதனால்தான் வாயால் போ போ என்றேன், கை கேட்கவில்லை என்று கொட்டித் தீர்த்தாள். அதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பெரியவள் நின்றபடியே கேட்டாள்.

"போகாதக்கான்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு சமைக்கப் போயிருப்பேன். உனக்கு அது தெரியாதா?"

சின்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். எழுந்து வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ சொல்றேன்கா. போகாத. சத்தியமா சொல்றேன், போகாதக்கா."

பெரியவள் அவள் முகத்தைப் பார்த்தாள். பதினோரு வயதிலிருந்து பார்த்த முகம். காய்ச்சலா நடிப்பா, பசியா அடமா என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். இப்போது கிட்டத்தில் வைத்து, கண்ணுக்குக் கண் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நீ நிஜமாத்தான் சொல்றியான்னு எனக்குத் தெரியலடி" என்று சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.